மறுமொழி: பம்ப் அலாரமும் மூணாறு அழைப்பும்

சகோதரி, உங்கள் அம்பாசமுத்திரம் மருத்துவமனையின் புதிய இன்ஃப்யூஷன் பம்ப் (இரத்த நாளத்தில் மருந்தையும் திரவத்தையும் அளவாக ஏற்றும் கருவி) 'குழாயில் காற்று' என்று ஓயாமல் அலறுகிறது. அதை விற்ற நிறுவனத்தின் பிரதிநிதியோ குடும்பத்தோடு மூணாறுக்குப் பயிற்சிக்கு வரச் சொல்கிறார், போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போகாதீர்கள். மருத்துவக் கருவி விற்பனைக்காக மத்திய மருந்துத் துறை 2024 செப்டம்பரில் வெளியிட்ட நெறிமுறை, மருத்துவப் பணியாளருக்கோ குடும்பத்தாருக்கோ பரிசு தருவதையும், குடும்பத்தாரின் பயணச் செலவை ஏற்பதையும் தடுக்கிறது. பயிற்சி தேவைதான், அதை உங்கள் வார்டிலேயே, இரவுப் பணியாளருக்கும் சேர்த்து நடத்தச் சொல்லுங்கள்.

எனக்குக் கவலை தருவது அந்த அலாரம்தான். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த திரவத்தை உடனே ஏற்றினால், குளிர் தணியும்போது குமிழிகள் தோன்றும். பம்புக்குப் பொருந்தாத ஐ.வி. செட்டும் (திரவம் செல்லும் குழாய்), காற்றைக் கண்டறியும் சென்சாரில் படிந்த குளுக்கோஸ் பிசுக்கும்கூடக் காரணமாகலாம். தொல்லை தாங்காமல் அலாரத்தை அடக்கி வைக்கும் பழக்கம் மட்டும் வரவே கூடாது, உண்மையான காற்று வரும்போது யாருக்கும் தெரியாமல் போய்விடும். ஒவ்வொரு முறையும் நேரம், பம்பின் வரிசை எண், செட்டின் பேட்ச் எண், மருந்து, ஏற்றும் வேகம் ஆகியவற்றை எழுதி வையுங்கள். வாய்ச்சொல்லாகச் சொன்ன குறை, பிரதிநிதி ஊர் திரும்பும் வழியில் கோவில்பட்டி தாண்டுவதற்குள் அவருக்கு மறந்துபோகும். நிர்வாகத்தின் வழியே எழுத்தில் கொடுத்து, எழுத்திலேயே பதில் கேளுங்கள். படுக்கையருகே நிற்கும் செவிலியரின் இந்தக் குறிப்புகள் கிடைத்தால்தான் வடிவமைப்பாளரால் கருவியைத் திருத்த முடியும்.

காசியாபாத்தில் உள்ள இந்தியன் பார்மகோபியா கமிஷன் (மருந்துகளின் தரத்தை வகுக்கும் மத்திய அரசு அமைப்பு), 2015 முதல் மருத்துவக் கருவிகளுக்கான கண்காணிப்புத் திட்டத்தை நடத்துகிறது. செவிலியரே நேரடியாக அங்கு தெரிவிக்கலாம். கட்டணமில்லா எண் 1800-180-3024. நோயாளிக்குச் சிறு பாதிப்பு நேர்ந்திருந்தாலும் இன்றே அழையுங்கள்.