வாசகர் கேள்விகள்: நூறு வாங்கியவர் கடைசியில் வந்தது ஏன்?

கணினி அறிவியல் படிக்கும் மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் ஆசிரியர்களும் அனுப்பிய கேள்விகளுள் செயல்திட்டம் (ப்ராஜெக்ட்) சார்ந்தவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் ஒன் படிக்கிறேன். பாடநூலில் உள்ள சி பிளஸ் பிளஸ் நிரல்களை எல்லாம் தட்டச்சு செய்து இயக்கிப் பார்த்துவிட்டேன். செய்முறைத் தேர்வைப் பற்றிப் பயமில்லை. ஆனால், நீயாக ஏதாவது ஒன்றைச் செய்து காட்டு என்று அண்ணன் சொன்னால் கை ஓடவில்லை. எதிலிருந்து தொடங்குவது?
*– பிளஸ் ஒன் மாணவி, திருவாரூர்*

பாடநூல் பயிற்சிகள் அமைந்திருக்கும் விதத்தால்தான் உங்களுக்குக் கை ஓடவில்லை. கொடுத்த எண் பகா எண்ணா என்று கண்டுபிடிக்கச் சொல்லும்போதே எது உள்ளீடு, எது வெளியீடு, எங்கே நிறுத்துவது என்பதையெல்லாம் பாடநூல் எழுதியவர் முடிவு செய்துவிட்டார். அந்த முடிவை மொழியின் இலக்கணத்துக்கு உட்படுத்தி எழுதுவது மட்டுமே உங்களுக்கு மிஞ்சுகிறது. அதுவும் தேவையான பயிற்சிதான் என்றாலும், எதைச் செய்ய வேண்டும் என்று முடிவெடுக்கும் பழக்கம் அதில் வராது. ஆகவே, உங்களுக்கு அருகில் ஒருவர் நோட்டும் பேனாவுமாக ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா உறுப்பினராக இருக்கும் மகளிர் சுயஉதவிக் குழுவின் சேமிப்புக் கணக்காக இருக்கலாம், உங்கள் வகுப்பாசிரியர் தேர்வுதோறும் தயாரிக்கும் தரவரிசைப் பட்டியலாக இருக்கலாம். இரண்டாவதை வைத்தே விளக்குகிறேன். மொழி பைத்தானாகவே இருக்கட்டும். பிளஸ் டூவில் எப்படியும் அதைத்தான் படிக்கப் போகிறீர்கள்.

முதலில் விசைப்பலகையிலிருந்து பெயரையும் மதிப்பெண்ணையும் வாங்கிப் பட்டியலாகக் காட்டும் சிறு நிரலை எழுதுவீர்கள். சாளரத்தை மூடியவுடன் அத்தனையும் போய்விடும் என்பதால் கோப்பு தேவைப்படும், அதற்கு, விவரங்களைக் காற்புள்ளியால் பிரித்து வைக்கும் சி.எஸ்.வி. கோப்பு போதும். பெயர்களைத் தமிழில் எழுதினால் விண்டோஸ் கணினியில் சேமிக்கும்போதே பிழைச் செய்தி வரக்கூடும். அப்படி வராமல் சேமித்தாலும், எக்செல்லில் திறக்கும்போது பெயர்களுக்குப் பதில் புரியாத குறிகள் நிற்கலாம். கோப்பைத் திறக்கும் கட்டளையில் குறியாக்கம் (எழுத்துகளைக் கணினி சேமிக்கும் முறை) யூ.டி.எஃப்.8 சிக் (utf-8-sig) என்று குறிப்பிட்டால் இரண்டும் தீரும்.

அடுத்து, மதிப்பெண்ணை இறங்கு வரிசையில் அடுக்குவீர்கள். அப்போது நூறு வாங்கிய மாணவி 35 வாங்கியவருக்கும் கீழே, ஏறத்தாழப் பட்டியலின் கடைசியில் நிற்பார். 9 வாங்கியவரோ 89 வாங்கியவருக்கு மேலே இருப்பார். நிரல் ஒரு பிழைச் செய்தியும் காட்டியிருக்காது. சி.எஸ்.வி. கோப்பிலிருந்து படிப்பவை எல்லாம் எண்களாக அல்லாமல் சரங்களாகவே, அதாவது வெறும் எழுத்துத் தொடர்களாகவே வரும் என்பதும், சரங்களை ஒப்பிடும்போது முதல் குறியிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்க்கப்படும் என்பதும் இதற்குக் காரணம்: 1 என்ற குறி 3 என்ற குறிக்கு முன்னால் வருவதால் 100 என்ற சரம் 35 என்ற சரத்தைவிடச் சிறியதாகிவிடுகிறது. எண், சரம் என்று தரவுகளை வகைப்படுத்தும் தரவினம் என்ற பாடத்தை மனப்பாடம் செய்து ஒரு மதிப்பெண் வினாவுக்கு விடை எழுதியவர்கள்கூட, வகுப்பின் முதல் மாணவி கடைசியில் நிற்பதைப் பார்க்கும்போதுதான் அந்தப் பாடம் எதற்காக இருக்கிறது என்பதை உணர்கிறார்கள்.

மதிப்பெண்ணை முழு எண்ணாக மாற்றிவிட்டால் வரிசை சரியாகும், ஆனால் தேர்வுக்கு வராதவருக்கு ஆசிரியர் ‘ஏ.பி.’ என்று குறித்திருக்கும் இடத்தில் நிரல் நின்றுவிடும். வராதவரைச் சுழியம் என்று எடுத்துக்கொள்வதா, பட்டியலிலிருந்தே விலக்குவதா? இதற்கான விடை எந்தப் பாடநூலிலும் கிடைக்காது. வகுப்பாசிரியரிடம் போய்த்தான் கேட்க வேண்டும். அவரோ, ஒரு பாடத்தில் தவறியவருக்குத் தரவரிசையே கொடுப்பதில்லை என்று, நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்லக்கூடும்.

தமிழில் செய்வதால் உங்களுக்கு இன்னும் இரண்டு சிக்கல்கள் காத்திருக்கின்றன. என்னைக் கேட்டால், ஆங்கிலப் பெயர்களோடு முடித்துக்கொள்ளும் மாணவர்களுக்குக் கிடைக்காத பாடம் இவற்றில்தான் இருக்கிறது. பெயர்களை அகர வரிசையில் அடுக்கச் சொன்னால், பைத்தான் மனோகரை மயிலனுக்கு முன்னால் வைக்கும். வருகைப் பதிவேட்டில் மயிலன்தான் முன்னால் இருப்பார். எழுத்துகளுக்குக் கணினி எண் கொடுக்கும் ஒருங்குறி (யூனிகோட்) அட்டவணையில் னகரம் நகரத்துக்கு அடுத்த இடத்திலேயே வைக்கப்பட்டிருக்கிறது, நம் நெடுங்கணக்கிலோ அது மெய்களுள் கடைசி. ஒவ்வோர் எழுத்துக்கும் மரபு வரிசைப்படி ஓர் எண் கொடுத்து, அந்த எண்களைக் கொண்டு அடுக்கச் சொல்லும் சிறு செயற்கூறு (ஃபங்ஷன்) ஒன்றை நீங்களே எழுத வேண்டியிருக்கும். மற்றொன்று நீளம். தமிழ்ச்செல்வி என்ற பெயரில் நாம் எண்ணும் எழுத்துகள் 7, நீளத்தை அளக்கும் பைத்தானின் லென் (len) செயற்கூறு சொல்லும் விடை 13. உயிர்க்குறிகளும் புள்ளியும் தனித்தனிக் குறிகளாகச் சேமிக்கப்படுவதால் வரும் வேறுபாடு இது. அச்சிடும் பட்டியலில் நெடுவரிசைகள் கோணலாக நிற்பதற்கும் இது ஒரு காரணம். பெயரிலுள்ள குறிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் எண்ணாமல் கடக்கும் ஒரு மடக்கை (லூப்) எழுதிப் பாருங்கள். சரம், மடக்கு, நிபந்தனைக் கூற்று மூன்றும் அந்தச் சில வரிகளிலேயே வந்துவிடும்.

சி.பி.எஸ்.இ. பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகன், பைண்டிங் செய்த ரெடிமேட் ப்ராஜெக்ட்டைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்கிறான். மற்ற பாடங்களைப் படிக்க நேரம் மிச்சமாகுமே என்று எனக்கும் தோன்றுகிறது. வாங்கிக் கொடுப்பது தவறா?
*– மாணவரின் தாய், கோயம்புத்தூர்*

மதிப்பெண் கணக்கை மட்டும் பார்த்தால் உங்கள் மகன் சொல்வதில் ஓரளவு நியாயம் இருக்கிறது: கணினி அறிவியலில் செய்முறைக்கு உரிய 30 மதிப்பெண்ணில் செயல்திட்டத்துக்கு 8, வாய்மொழித் தேர்வுக்கு 3. இருந்தாலும் வாங்கிக் கொடுக்க வேண்டாம் என்றே சொல்வேன். இரண்டு மூன்று பேர் கொண்ட குழுவாகச் செய்ய வேண்டும், ஒப்படைப்பதற்கு ஆறு மாதங்களுக்கு முன்பாவது தொடங்க வேண்டும், உள்ளூர்க் கடைகளுக்கும் தொழில்களுக்கும் நேரில் சென்று அவர்களுடைய சிக்கல்களைக் கேட்டறியலாம் என்றெல்லாம் பாடத்திட்டமே சொல்கிறது, ஜி.எஸ்.டி. கணக்குக்கு விலைப்பட்டியல் தயாரிக்கத் திணறும் ஒரு வணிகரை எடுத்துக்காட்டாகவும் தருகிறது. பாடத்திட்டம் எழுதியவர்கள் நினைத்தது அது. நாம் கடைசி வாரத்தில் கடைக்குப் போகிறோம்.

ரெடிமேடாகக் கிடைப்பவற்றுள் நூலக மேலாண்மை என்ற தலைப்புக்குக் குறைவே இருக்காது. அதே தலைப்பை உங்கள் மகன் எடுத்துக்கொள்வதில் குற்றமில்லை, ஆனால் முதலில் பள்ளி நூலகரிடம் போய் அவருடைய பதிவேட்டைப் பார்க்கட்டும். ஒரே நூலின் ஐந்து படிகள் அலமாரியில் இருக்கும். நூலின் பெயரையே முதன்மைத் திறவுகோலாக (ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளம் காட்டும் விவரமாக) வைத்து அட்டவணை அமைத்தவர் அங்கேயே மாட்டிக்கொள்வார். ஒவ்வொரு படிக்கும் அக்செஷன் எண் என்று ஒரு தனி எண் இருப்பதைப் பதிவேடு காட்டும். நூலின் விவரத்துக்கு ஓர் அட்டவணை, படிகளுக்கு ஓர் அட்டவணை, கொடுக்கல் வாங்கலுக்கு ஓர் அட்டவணை என்று பிரிக்க வேண்டியதன் காரணம் அப்போது தானாகப் புரியும். தொலைந்த நூலை என்ன செய்வது, திருப்பித் தர வேண்டிய நாள் கோடை விடுமுறையில் விழுந்தால் தண்டத்தொகை உண்டா என்பன போன்றவற்றையும் நூலகரிடம்தான் கேட்க வேண்டும். வாய்மொழித் தேர்வில் எந்தப் பக்கத்தைப் புரட்டிக் கேட்டாலும் இவ்வாறு செய்தவருக்குச் சொல்ல விஷயம் இருக்கும்.

ஒருவேளை ஏற்கெனவே வாங்கிவிட்டிருந்தால், தண்டத்தொகையை நாளுக்கு ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாயாக மாற்றி, முதல் ஏழு நாள்களுக்கு விலக்கும் கொடுத்து உங்கள் எதிரில் இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். மாற்ற வேண்டிய வரியைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் அவரே தன் செயல்திட்டத்தைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்.

வீட்டில் கணினி இல்லை, ஒரு ஸ்மார்ட்போன்தான் இருக்கிறது. பள்ளி ஆய்வகத்தில் வாரத்துக்கு இரண்டு பாடவேளைதான் கிடைக்கிறது. எனக்கு வழி உண்டா?
*– பிளஸ் டூ மாணவர், தர்மபுரி*

உண்டு. ஆண்ட்ராய்டு போனில் பைட்ராய்டு 3 என்ற செயலியை நிறுவினால் பைத்தான் இயங்கும். இணையம் இருந்தால் உலாவியிலேயே பைத்தானை இயக்க உதவும் கூகுள் கோலாப் பயன்படுத்தலாம். சிறு திரையில் அடைப்புக்குறியும் உள்தள்ளலும் படுத்தும் என்பதால், நிரலை முதலில் தாளில் எழுதி, மாறிகளின் மதிப்பு ஒவ்வொரு வரியிலும் எப்படி மாறுகிறது என்பதைப் பக்கத்திலேயே எழுதிப் பார்த்துவிட்டுப் பிறகு தட்டச்சு செய்யுங்கள். ஆய்வக நேரத்தைப் புதிதாகத் தட்டச்சு செய்வதில் செலவழிக்காமல், போனில் எழுதியதை எடுத்துச் சென்று நிறைய தரவோடு இயக்கிப் பார்ப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மாணவர்களிடம் ஒரு வேலையைக் கொடுத்தால் சாட்ஜிபிடியிடம் கேட்டு ஒரு நிமிடத்தில் நிரலோடு வந்துவிடுகிறார்கள். இனிச் செயல்திட்டம் என்று ஒன்றைக் கொடுப்பதில் பொருள் இருக்கிறதா?
*– முதுகலை ஆசிரியர், மதுரை மாவட்டம்*

நீங்கள் கொடுக்கும் வேலையைப் பொறுத்தது, ஐயா. விவரம் முழுவதும் வினாத்தாளிலேயே இருக்கும் வேலை என்றால் அது ஒரு நிமிட வேலைதான். அதைத் தடுக்க முயல்வது வீண் என்பது என் கருத்து. தரவரிசைப் பட்டியலையே எடுத்துக்கொண்டால், கருவி நல்ல நிரலையே எழுதிக் கொடுக்கும். ஆனால் இரண்டு பேர் ஒரே மதிப்பெண் பெற்று முதலிடத்தில் இருந்தால் அடுத்தவருக்கு இரண்டாம் இடமா மூன்றாம் இடமா என்பதில் உங்கள் பள்ளியின் வழக்கம் அதற்குத் தெரியாது. கேட்காமலேயே ஒன்றைத் தேர்ந்துகொண்டு எழுதிவிடக்கூடும்; அது தேர்ந்துகொண்டதை நிரலைப் படித்துக் கண்டுபிடிக்கும் திறன் மாணவருக்கு இருந்தால்தான் தவறு வெளியே தெரியும்.

ஆகவே, நிரலை யார் எழுதியது என்று விசாரிப்பதைவிட, அது தவறிப்போகும் ஐந்து உள்ளீடுகளைக் கொண்டுவரச் சொல்லுங்கள்: வெற்றுப் பெயர், 100க்கு மேற்பட்ட மதிப்பெண், ஒரே பெயரில் இருவர், எண்ணுக்குப் பின்னால் ஓர் இடைவெளி, ஒரு மாணவர்கூட இல்லாத வகுப்பு என்று அவர்களே தேடத் தொடங்குவார்கள். இடையில் ஒரு நாள், எழுதிய நிரலில் ஒரு சிறு மாற்றத்தை ஆய்வகத்தில் இணையம் இல்லாமல் செய்யச் சொல்லலாம். கணினிகள் குறைவாக இருந்தால் இரண்டு பேருக்கு ஒரு கணினி போதும், ஆனால் தட்டச்சு செய்பவரும் பக்கத்தில் அமர்ந்து வழிகாட்டுபவரும் பாடவேளையின் நடுவில் இடம் மாறியாக வேண்டும். இல்லாவிட்டால் ஆண்டு முழுவதும் ஒருவரே தட்டிக்கொண்டிருப்பார்.

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள் ஸ்கிராட்ச் என்ற நிரல்மொழியில் விளையாட்டுகள் நிறையச் செய்துவிட்டாள். அடுத்து ஆர்டுயினோ வாங்கித் தரலாமா? எதைச் செய்யச் சொல்வது?
*– மாணவியின் தந்தை, நாகர்கோவில்*

தரலாம். எட்டு முதல் பதினாறு வயதுள்ளவர்களை மனத்தில் வைத்து எம்.ஐ.டி.யில் உருவாகி 2007இல் வெளியான ஸ்கிராட்சில் திரைக்குள் எல்லாம் சொன்னபடி கேட்கும். திரைக்கு வெளியே அப்படி இல்லை என்பதைக் கற்க, நிரலால் இயங்கும் சிறு மின்னணுப் பலகையான ஆர்டுயினோ நல்ல இடம். பள்ளியில் மத்திய அரசுத் திட்டத்தின்கீழ் அமைந்த அடல் டிங்கரிங் ஆய்வகம் இருந்தால் பலகையை அங்கேயே பயன்படுத்தலாம், வாங்கத் தேவையில்லை.

மாடித்தோட்டம் இருந்தால் மண் ஈரத்தை அளக்கும் உணரியிலிருந்து (சென்சார்) தொடங்கச் சொல்லுங்கள். ஆர்டுயினோ ஊனோ அதன் அளவீட்டை 0 முதல் 1023 வரையிலான ஓர் எண்ணாகத் தரும். எந்த எண்ணுக்குமேல் போனால் மண் காய்ந்துவிட்டது என்று சொல்வது? காய்ந்த மண்ணிலும் தண்ணீர் ஊற்றிய மண்ணிலும் உணரியைச் செருகி, இரண்டு எண்களையும் குறித்துக்கொண்டு உங்கள் மகள்தான் எல்லையை முடிவு செய்ய வேண்டும். செம்மண் தொட்டியில் சரியாக வந்த எல்லை தென்னை நார்க்கழிவு நிரப்பிய பையில் சரியாக வராது. இன்னொன்று: இரண்டு உலோகக் கால்கள் கொண்ட மலிவான உணரிக்கு எந்நேரமும் மின்சாரம் கொடுத்துக்கொண்டிருந்தால் சில வாரங்களில் மின்னாற்பகுப்பினால் கால்கள் அரித்துப்போய் அளவீடு தாறுமாறாகும். அளக்கும் நொடிகளில் மட்டும் மின்சாரம் செல்லுமாறு நிரலை மாற்றி எழுதினால் அது நெடுநாள் உழைக்கும். தண்ணீர் இறைக்கும் மோட்டாரை இப்போதைக்கு இணைக்க வேண்டாம், மண் காய்ந்ததும் ஒரு விளக்கு எரிந்தால் போதும்.

பொறியியல் சேர்க்கைக்கு எது உதவும், ஆன்லைன் பயிற்சிச் சான்றிதழா, சொந்தமாகச் செய்த ப்ராஜெக்ட்டா?
*– பிளஸ் ஒன் மாணவர், சேலம்*

தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் இரண்டுக்கும் மதிப்பெண் கிடையாது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200க்குக் கணக்கிடும் கட்ஆஃப்தான் தரவரிசையைத் தீர்மானிக்கிறது. கணினி அறிவியல் மதிப்பெண்கூட அந்தக் கணக்கில் வராது. ஆகவே சேர்க்கைக்காக என்று பணம் கட்டி எந்தச் சான்றிதழும் வாங்க வேண்டாம். செயல்திட்டத்தைப் பிளஸ் ஒன் முடிந்த கோடை விடுமுறையில் வைத்துக்கொண்டு, பிளஸ் டூ அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போது நிறுத்திவிடுங்கள். நிறுத்துவதற்கு முன், எதை முடித்தீர்கள், எது பாக்கி என்று ஒரு பக்கம் எழுதி அதே கோப்புறையில் போட்டு வையுங்கள். கல்லூரியில் சேர்ந்தபின் திறந்து பார்க்கும்போது உங்கள் நிரல் உங்களுக்கே புரியாமல் போகலாம்.