கால் உதைப் பயிற்சிக்கு ஸ்நார்க்கல் வாங்கலாமா, பலகையே போதுமா?

ஃப்ரீஸ்டைல் நீந்தும்போது கால்கள் மூழ்குகின்றன, பல மாதங்களாக மிதவைப் பலகையைப் பிடித்து உதைத்தும் மாற்றமில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். முகத்தைத் தண்ணீரில் கவிழ்த்தபடியே வாயால் மூச்சு விட உதவும் குழாயான ஸ்நார்க்கலை வாங்குங்கள். ஆனால் அது உங்கள் உதைக்குப் பலம் சேர்த்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். உதையில் என்ன கோளாறு என்பதைக் காட்டிக்கொடுக்கும், அவ்வளவுதான். எனக்கு அதுவே பெரிய உதவியாக இருந்தது.

நான் முப்பது வயதுக்கு மேல் நீந்தக் கற்றவன். பலகையோடு உதைத்தால் குளத்தில் எல்லோரும் என்னைத் தாண்டிப் போவார்கள். கால்களில் வலுவில்லை என்று நினைத்து இன்னும் மூர்க்கமாக உதைப்பேன். கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். பலகையைப் பிடித்துக்கொண்டு எதிரே பார்த்தால் தலை உயர்கிறது, தலை உயர்ந்தால் இடுப்பு இறங்குகிறது, கீழ்முதுகு வளைகிறது. நீந்தும்போது எந்த நிலை கூடாதோ, அந்த நிலையிலேயே மணிக்கணக்காக உதைத்துப் பழகியிருக்கிறேன்.

ஸ்நார்க்கல் மாட்டிய முதல் நாள் கைகளை முன்னால் நீட்டி, ஒரு கையின்மேல் மறு கையை வைத்து, முகத்தைக் கவிழ்த்து உதைத்தேன். குளத்தின் அடியில் கறுப்புக் கோட்டில் விரிசல் விட்ட ஓடு ஒன்று கண்ணில் பட்டது. பத்து உதை, இருபது உதை, அதே ஓடு. ஒரு கட்டத்தில் அது எனக்கு முன்னால் போவதுபோல் இருந்தது. உண்மையில் நான்தான் பின்னால் போய்க்கொண்டிருந்தேன்! கணுக்கால் விறைத்து, பாதம் கொக்கிபோல மடங்கி, தண்ணீரை முன்பக்கமாகத் தள்ளியிருக்கிறது. போதாக்குறைக்கு, சைக்கிள் மிதிப்பதைப்போல முழங்காலை மடக்கியிருக்கிறேன். தலையை அசைக்காமல் மூச்சும் விட முடிந்ததால், ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க அவகாசம் கிடைத்தது. பாதத்தைத் தளர விட்டு, தொடையிலிருந்து உதையைத் தொடங்கி, முழங்காலைச் சற்றே மடங்க விட்டதும் ஓடு மெல்லப் பின்னால் நகர்ந்தது. கணுக்காலுக்காக வீட்டில் மண்டியிட்டுக் குதிகால்மேல் உட்கார்ந்து பழகினேன். அதன் பலன் தெரியச் சில வாரங்கள் ஆயின.

வாங்கும்போது முகத்துக்கு நடுவில், நெற்றியை ஒட்டி மேலே செல்லும் குழாயாகப் பாருங்கள். கடலில் மீன் பார்க்கப் போகிறவர்களுடைய பக்கவாட்டுக் குழாய் இதற்குச் சரிப்படாது. வேகம் கூடினால் ஆடும்.

முதல் சில நாட்கள் மூக்கில் தண்ணீர் ஏறும். ஆழமில்லாத இடத்தில் நின்றபடி முகத்தை மட்டும் அமிழ்த்தி, வாயால் இழுத்து வாயாலும் மூக்காலும் வெளியே விட்டுப் பழகுங்கள். முடியாவிட்டால் மூக்குக் கிளிப் போட்டுக்கொள்வதில் வெட்கமில்லை. குழாய்க்குள் தண்ணீர் புகுந்தால் பலமாக ஒரு ஊது ஊத வேண்டும். அதற்காக நெஞ்சில் எப்போதும் கொஞ்சம் காற்று மிச்சம் இருக்கட்டும். குழாயில் தங்கிய பழைய காற்றும் மூச்சோடு திரும்ப உள்ளே வருவதால் சீக்கிரம் இளைக்கும். முழுமையாக மூச்சை வெளியேற்றினால் சமாளிக்கலாம். ஆஸ்துமாவோ இதய நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.

நான் 25 மீட்டர் வீதம் எட்டு முறை உதைப்பேன், நடுவில் அரை நிமிட ஓய்வு. அதன்பின் குழாயைக் கழற்றிவிட்டு நாலு முறை சாதாரணமாக நீந்துவேன். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஸ்நார்க்கலிலேயே ஊறிப்போனால் தலையைத் திருப்பி மூச்சு வாங்குவது கெட்டுவிடும். போட்டிகளிலும் அதை அனுமதிப்பதில்லை. மல்லாந்து உதைக்க அது தேவையே இல்லை. மார்பு நீச்சலுக்கு நான் போட மாட்டேன், அதில் உதையும் மூச்சும் ஒரே தாளத்தில் பிணைந்தவை. பலகையையும் தூக்கி எறிந்துவிட வேண்டாம். நண்பரோடு கதை பேசிக்கொண்டே உதைக்க அதைவிட வசதி வேறில்லை.

ஒரு எச்சரிக்கை: முகம் கவிழ்ந்திருப்பதால் எதிரே சுவர் வருவது தெரியாது. போட்டி அளவுக் குளங்களில் கறுப்புக் கோடு சுவருக்கு இரண்டு மீட்டர் முன்பே ஒரு குறுக்குக் கோட்டோடு முடிந்துவிடும். அது எதற்காக என்பதை இரண்டு விரல்கள் வீங்கிய பிறகுதான் தெரிந்துகொண்டேன்.