மழைக்கும் தாங்கும் கிறிஸ்துமஸ் வாசல்: வாசகர் கேள்வி–பதில்

கீழ்த்தள வாடகை வீடு. சின்ன போர்டிகோவும் இரும்பு கேட்டும் இருக்கின்றன. 1,500 ரூபாய்க்குள் வெளியே அலங்கரிக்க முடியுமா?
– வாசகி, பெரம்பூர்

தாராளமாக முடியும். ஒரு பெரிய ஸ்டார், இரண்டு சீரியல் செட், கொஞ்சம் சவுக்குக் கிளை போதும். பத்து விதமான தோரணம் வாங்கிப் பணத்தைச் சிதறவிடாதீர்கள். தெருவில் போகிறவர் கண்ணில் படுவது ஸ்டார்தான்.

முதல் செலவு ஒயருக்கு. சென்னையில் டிசம்பர் என்றாலே மழைதான். 2016-ல் வர்தா புயல் கரையைக் கடந்தது டிசம்பர் 12-ம் தேதி. எனவே முறுக்கிய மெல்லிய ஒயர் வேண்டாம். மேலே தடித்த உறை போட்ட டூ கோர் கேபிளை, பிளக் பாயின்டிலிருந்து ஸ்டார் வரை ஒரே துண்டாக வாங்குங்கள். நடுவில் ஒட்டுப் போட்டு டேப் சுற்றினால், ஈரத்தில் பசை இளகி நீர் உள்ளே இறங்கும். ஹோல்டருக்குள் நுழையும் முன் ஒயரை அரை அடி கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள். வழிந்து வரும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

இரும்பு கேட்டில் மட்டும் மின்விளக்கு சுற்றாதீர்கள். கேட் திறந்து மூடும்போது ஒயர் நசுங்கி உறை கிழியும். கேட் முழுக்க மின்சாரம் பாயலாம். அங்கே சவுக்குக் கிளைகளைச் சணலால் கட்டி, ஜரிகைத் தோரணம் சுற்றுங்கள். ஆணியும் தேவையில்லை, வீட்டுக்காரரும் கோபிக்க மாட்டார்.

கடையில் வாங்கும் காகித ஸ்டார் ஒரே மழையில் கிழிந்துவிடுகிறது. வீட்டிலேயே செய்ய முடியுமா?
– வாசகர், ராயபுரம்

இரண்டரை அடி நீள மூங்கில் பிளாச்சு 10, ஆறு அங்குலக் குச்சி 5 எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து பிளாச்சுகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து ஒரு தட்டை நட்சத்திரம் கட்டுங்கள். ஐந்து முனைகளிலும், உள்ளே பிளாச்சுகள் வெட்டிக்கொள்ளும் ஐந்து இடங்களிலும் கட்டுக் கம்பியால் இறுக்க வேண்டும். உள் கட்டு தளர்ந்தால் தாள் ஒட்டும்போது நட்சத்திரம் கோணிப்போகும். இதேபோல் இன்னொன்று செய்து, இரண்டையும் முனைகளில் மட்டும் சேர்த்துக் கட்டுங்கள். உள் வெட்டுகளுக்கு நடுவே ஆறு அங்குலக் குச்சிகளை நெம்பி நிறுத்தினால் ஸ்டார் உப்பி நிற்கும்.

பட்டத் தாளை மைதாப் பசையால் ஒட்டினால் மழையில் பிரியும், கரப்பான் பூச்சியும் அரிக்கும். மெல்லிய பசை தடவித் தாளை நிறுத்திவிட்டு, அதன்மேல் புத்தகத்துக்கு அட்டை போடும் கண்ணாடித் தாளைச் செலோடேப்பால் ஒட்டுங்கள். பின்பக்க நடு ஐங்கோணத்தை மட்டும் மூடாமல் விடுங்கள். பல்பு மாற்றலாம், சூடு வெளியேறும், காற்றும் புகுந்து போவதால் ஸ்டார் சுழன்று அறுந்து விழாது.

உள்ளே 5 வாட் எல்.இ.டி. பல்பு போதும். பழைய 60 வாட் குண்டு பல்பு இந்தத் தாளுக்கு ஆபத்து. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பாதியாக வெட்டி, வாய்ப் பக்கத்தைக் குடைபோல ஹோல்டருக்கு மேல் கவிழுங்கள். ஒயர் பாட்டில் வாய் வழியாக வரட்டும். கீழ்ப்பக்கம் திறந்தே இருக்க வேண்டும். அடைத்துவிட்டால் பல்பின் அடியில் சூடு தங்கிச் சீக்கிரம் போய்விடும்.

தொங்கவிட நைலான் கயிறுதான் சரி. ஸ்டாரின் கனத்தை ஒருபோதும் ஒயரில் ஏற்றாதீர்கள். புயல் எச்சரிக்கை வந்தால் இறக்கிவிடுங்கள்.

சீரியல் செட்டில் பாதி எரிகிறது, பாதி எரியவில்லை. தூக்கிப் போட வேண்டியதுதானா?
– வாசகர், சாந்தோம்

வேண்டாம். இதில் பல்புகள் குழுக் குழுவாக வரிசையில் இணைந்திருக்கும். ஒன்று அறுந்தால் அதன் குழு முழுவதும் அணையும். கடற்காற்று அடிக்கும் உங்கள் பகுதியில் பெரும்பாலும் பல்பின் கால் துருப்பிடித்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அணைந்த பகுதியில் ஒவ்வொரு பல்பின் அடியையும் பாருங்கள். பச்சை பூத்த கால், தளர்ந்த இணைப்பு தெரிந்தால் அதுதான் காரணம். மாற்றும்போது அதே நிறம் போடுங்கள். சிவப்புக்கும் நீலத்துக்கும் தேவைப்படும் வோல்ட் வேறு. புதிதாக வாங்குவதானால் கடையிலேயே பத்து நிமிடம் எரியவிட்டு வாங்குங்கள்.

மினுக்கும் கன்ட்ரோல் பெட்டி எப்போதும் வீட்டுக்குள் இருக்கட்டும். இந்த மலிவு செட்டுகளில் நேரடி 230 வோல்ட் ஓடுகிறது. எனவே ஏழடிக்கு மேலே, சன்ஷேடுக்கு அடியில், மழைச்சாரல் படாத இடத்தில் கட்டுங்கள். முதலில் நைலான் கயிற்றை இழுத்துக் கட்டி, அடிக்கு ஒரு கேபிள் டை போட்டுச் செட்டைத் தொங்கவிடுங்கள். குழந்தைகள் கை எட்டும் உயரத்தில் வேண்டுமானால் 12 வோல்ட் ஸ்ட்ரிப் லைட்டும் அடாப்டரும் வாங்குங்கள். ரிச்சி தெருவில் கிடைக்கும். மெயினில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். இல்லையென்றால் இந்த ஆண்டு அலங்காரத்தைக் குறைத்து அதைப் போடுங்கள்.

கரன்ட் பில் எவ்வளவு ஏறும்?
– வாசகி, வேப்பேரி

5 வாட் பல்பும், 10 வாட் செட் இரண்டும் சேர்த்து 25 வாட். தினம் ஆறு மணி நேரம், 30 நாள் எரித்தால் நாலரை யூனிட். ஒரு 60 வாட் குண்டு பல்பு மட்டுமே அதே நேரத்தில் கிட்டத்தட்ட 11 யூனிட் இழுக்கும்.

போர்டிகோவில் குடில் வைக்கிறோம். செயற்கைப் புல் விலை அதிகம். மாற்று வழி?
– வாசகி, கொளத்தூர்

கேழ்வரகு ஒரு கைப்பிடி போதும். ஓர் இரவு ஊறவைத்து, டிசம்பர் 14, 15-ம் தேதி வாக்கில் தட்டில் ஓர் அங்குல மண் பரப்பி நெருக்கமாகத் தூவுங்கள். ஈரத்துணியால் மூடி, முளைவிட்டதும் துணியை எடுத்து வெளிச்சத்தில் வையுங்கள். நீரைத் தெளிக்க வேண்டும், ஊற்றினால் விதை ஒரு பக்கம் ஒதுங்கி, தேங்கிய இடத்தில் பூஞ்சணம் பிடிக்கும். 24-ம் தேதி இரவு பாலன் சுரூபத்தை வைக்கும்போது பச்சைப்பசேலென்று நிற்கும். வைக்கோலுக்கு அருகே மெழுகுவர்த்தி மட்டும் வேண்டாம்.