ஒரு நாள் தாமதம்

அன்புள்ள சார்,

பள்ளியில் நான்கு வருடம் ஹாக்கி ஆடியவள் நான். கோல்கீப்பர். 2025 பிப்ரவரியில் புவனேஸ்வரில் நம் பெண்கள் நெதர்லாந்தை வென்றபோது நீங்கள் துள்ளிக் குதித்து எழுதியிருந்தீர்கள். நெதர்லாந்து பாரிஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய அணியாயிற்றே! ஆனால் அந்த ஆட்டம் இடம்பெற்ற புரோ லீக் (பெரிய அணிகள் மோதும் சர்வதேசத் தொடர்) சீசன் ஜூனில் முடிந்தபோது ஒன்பது அணிகளில் நமக்கு ஒன்பதாவது இடம். லீக்கை விட்டே இறங்கிவிட்டோம். அதைப் பற்றி நீங்கள் ஒரு வரி எழுதவில்லை. அப்படியென்றால் அந்த வெற்றி குருட்டு அதிர்ஷ்டமா? என் கணவர் அப்படித்தான் சொல்கிறார். ஒத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை, பதில் சொல்லவும் தெரியவில்லை.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

வணக்கம்.

எழுதாமல் விட்டது என் தப்புதான். ஜெயித்த அன்று கை பரபரக்கிறது, தோற்றால் ஏனோ வேறு வேலை வந்துவிடுகிறது.

உங்கள் கடிதம் வந்த பிறகு அந்த சீசனின் 16 ஆட்டங்களையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். அறுபது நிமிடத்துக்குள்ளேயே வென்றது இரண்டுதான்: இங்கிலாந்தோடு 3-2, ஜெர்மனியோடு 1-0. மூன்று ஆட்டங்கள் சமனில் முடிந்து ஷூட் அவுட் (ஒவ்வொருத்தியாகப் பந்தோடு வந்து எட்டு விநாடிக்குள் கோல்கீப்பரைத் தாண்டி கோல் போட வேண்டும்) வரை போயின. நெதர்லாந்தை வென்றோம், இங்கிலாந்திடமும் அர்ஜென்டினாவிடமும் தோற்றோம். மீதி பதினொன்றும் தோல்வி. மொத்தம் 10 புள்ளி. அந்தப் பதினொன்றில் ஆறு, ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் போனவை.

இது வரைக்கும் எல்லோரும் சொல்வதுதான். ஆனால் புரோ லீக்கில் ஒரே அணியோடு இரண்டு ஆட்டங்களை அடுத்தடுத்த நாட்களில் வைக்கிறார்கள் இல்லையா? நான் தாளில் ஜோடி ஜோடியாக எழுதினேன். ஜெர்மனி: முதல் நாள் 0-4, மறுநாள் 1-0. நெதர்லாந்து: முதல் நாள் 2-4, மறுநாள் 2-2. ஜூனில் லண்டனில் அர்ஜென்டினாவோடு 1-4, மறுநாள் 2-2. ஆன்ட்வெர்ப்பில் பெல்ஜியத்தோடு 1-5, மறுநாள் 1-2. பெர்லினில் சீனாவோடு 0-3, மறுநாள் 2-3. கணக்கு சரிதானா என்று எனக்கே சந்தேகம் வந்து இரண்டு முறை சரிபார்த்தேன். சீசன் முழுக்க எட்டு முதல் நாட்களில் நாம் எடுத்தது மூன்று புள்ளி. எட்டு மறுநாட்களில் ஏழு.

அதனால் உங்கள் கணவரிடம் தைரியமாகச் சொல்லுங்கள், நெதர்லாந்து ஆட்டம் திடீரென்று வந்து விழுந்தது இல்லை. முதல் நாள் அடி வாங்கி, எதிராளி எந்தப் பக்கம் வருகிறாள், எங்கே இடம் விடுகிறாள் என்று தெரிந்துகொண்டு மறுநாள் வேறு ஆளாக இறங்குவது இந்த அணியின் சுபாவமாகவே இருந்திருக்கிறது. வீம்பான அணி, ஆனால் ஒரு நாள் தாமதமாக விழிக்கிற அணி. லீக்கோ முதல் நாளுக்கும் அதே புள்ளிதான் தருகிறது. நெதர்லாந்து முதல் நாள் மூன்று புள்ளி எடுத்தது. மறுநாள் சமனுக்கு ஆளுக்கு ஒன்று, ஷூட் அவுட்டுக்காக நமக்கு மேற்கொண்டு ஒன்று. கூட்டிப் பாருங்கள். நான் துள்ளிக் குதித்த அன்று அவர்கள் கணக்கில் நான்கு, நம் கணக்கில் இரண்டு!

(ஷூட் அவுட் வெற்றிக்கு முழு மூன்று புள்ளி தரலாமே என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அறுபது நிமிடத்தில் பிரிக்க முடியாததை எட்டு விநாடி ஓட்டத்தில் பிரிக்கிறோம், அதற்கு ஒரு புள்ளி போதும்.)

அன்றைய ஆட்டத்தை இன்னொரு தடவை போட்டுப் பார்த்தேன். இடைவேளையில் 0-2. அப்புறம் 35-வது நிமிடம் தீபிகா இடது பக்கமாகப் பந்தை எடுத்துக்கொண்டு போகிறார். மட்டையில் பந்து ஒட்டிக்கொண்டதுபோல் இருக்கிறது. தடுப்பவர்களைக் கடந்து கோல்கீப்பரையும் தாண்டி உள்ளே. சர்வதேச ஹாக்கி கூட்டமைப்பு அந்த சீசனின் மாயாஜாலத் திறமைக்கான விருதுப் பட்டியலில் அதைச் சேர்த்தது. 43-வது நிமிடம் பல்ஜீத் கவுர் சமன் செய்தார். ஷூட் அவுட்டில் நம் கோல்கீப்பர் சவிதா. நெதர்லாந்துக்காரர்களால் ஒரே ஒரு பந்தைத்தான் அவரைத் தாண்டி அனுப்ப முடிந்தது. 2-1.

இறங்கியதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். கீழே நேஷன்ஸ் கோப்பை இருக்கிறது, அதை வென்றால் மேலே வரலாம். 2022 டிசம்பரில் வலென்சியாவில் ஸ்பெயினை 1-0 என்று வென்று அப்படித்தான் வந்தோம். இழப்பு வேறு இடத்தில். வருடத்துக்குப் பதினாறு ஆட்டம் பெரிய அணிகளோடு ஆடக் கிடைத்ததே, அது போய்விட்டது. முதல் நாளே விழித்துக்கொள்ளப் பழக வேறு களம் ஏது?

இனி நான் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஷூட் அவுட்டில் பந்தோடு ஒருத்தி 23 மீட்டர் கோட்டிலிருந்து வருகிறாள், நீங்கள் கோல் கோட்டில் நிற்கிறீர்கள், விசில் ஊதியாயிற்று. அவளை முந்தின நாளும் எதிர்கொண்டிருந்தால், வெளியே பாய்ந்து வருவதா நின்று பார்ப்பதா என்று முடிவெடுக்க அது உதவுமா? இல்லை, அவளும் உங்களைப் பார்த்து வைத்திருப்பாள் என்ற பயம்தான் கூடுமா? நான் கோல் முன்னால் நின்றதே இல்லை. நீங்கள்தான் எழுத வேண்டும்.