கடற்படை ஹெலிகாப்டர் விமானிக்குப் பெண் கொடுக்கலாமா?

கேள்வி: தங்கைக்குக் கடற்படை ஹெலிகாப்டர் விமானி ஒருவரின் வரன் வந்திருக்கிறது. ஆபத்தான வேலை என்று அம்மா தயங்குகிறார். அத்தகையவரின் குடும்ப வாழ்க்கை எப்படி இருக்கும்?

என் கணவர் கடற்படையில் ஹெலிகாப்டர் விமானியாக இருந்து ஓய்வு பெற்றவர். எனக்குப் பிறந்த ஊர் மண்டபம் பக்கம். அவருடைய பணிக்காலத்தின் ஒரு பகுதி உச்சிப்புளியில் உள்ள ஐ.என்.எஸ். பருந்து தளத்தில் கழிந்ததால், பிறந்த வீட்டுக்கு அருகிலேயே குடித்தனம் நடத்தும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. கடற்படையில் அது எல்லோருக்கும் அமைவதில்லை. உங்கள் அம்மாவின் தயக்கம் புரிகிறது. ஆனால் அவர் கவலைப்பட வேண்டிய இடம் வேறு என்றே நான் நினைக்கிறேன்.

ஆபத்து இல்லை என்று சொல்ல மாட்டேன். எஞ்சினும் சுழலும் இறக்கைகளும் மேலே இருப்பதால், கடலில் இறங்க நேர்ந்தால் ஹெலிகாப்டர் பெரும்பாலும் தலைகீழாகக் கவிழ்ந்துவிடும். அப்போது நீருக்கடியில் பெல்ட்டை அவிழ்த்து, இருட்டில் கதவைத் தடவிக் கண்டுபிடித்து வெளியேறுவதற்கு, கொச்சியில் ஐ.என்.எஸ். கருடா தளத்தில் இதற்கென்றே கட்டப்பட்ட குளத்தில் பயிற்சி தருகிறார்கள். அதை விவரமாகக் கேட்ட பிறகு என் பயம் குறைந்தது. கெட்டதை முன்கூட்டியே யோசித்து வைத்திருக்கும் தொழில் என்ற நம்பிக்கை வந்தது. உறவினர்களுக்கு அந்த நம்பிக்கையை ஊட்டுவதுதான் கடினம். 2021 டிசம்பர் 8 அன்று முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் சென்ற விமானப்படையின் எம்.ஐ.17 ஹெலிகாப்டர் குன்னூர் அருகே விழுந்தபோது, படையும் வேறு, ஊரும் வேறு என்று தெரிந்தும் அன்று முழுவதும் எங்கள் வீட்டுத் தொலைபேசி ஓயவில்லை. உங்கள் தங்கைக்கும் அப்படிப்பட்ட நாட்கள் வரும்.

உண்மையான பாரம் பிரிவு. கரையில் உள்ள தளத்தில் இருக்கும்வரை அவர் மாலையில் வீடு திரும்புவார். போர்க்கப்பலுடன் செல்லும் ஹெலிகாப்டர் குழுவில் போட்டுவிட்டால் கப்பல் போகும் இடமெல்லாம் போக வேண்டியதுதான். 2008 முதல் ஏடன் வளைகுடாவில் கடற்கொள்ளையருக்கு எதிராக நம் கப்பல்கள் ரோந்து சென்று வருகின்றன. அத்தகைய பயணங்கள் மாதக்கணக்கில் நீளும். ஆடும் கப்பலின் சிறிய மேடையில் இறங்குவது எப்படி என்று பிள்ளைகளுக்கு அவர் கையை ஆட்டி ஆட்டிக் காட்டியதெல்லாம் திரும்பி வந்த பிறகுதான். காத்திருப்பது எங்கள் ஊர்ப் பெண்களுக்குப் புதிதல்ல. ஆனால் மீன்துறை டோக்கன் வாங்கிக்கொண்டு காலையில் கிளம்பும் விசைப்படகு மறுநாள் காலை கரைக்கு வந்துவிடும். வாடைக் காற்று பலமாக அடித்தால் படகு போகாது என்பதும் வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரியும். கப்பல் விஷயத்தில் எதுவும் நம் கணக்கில் இல்லை. திரும்பும் தேதியைக்கூடச் சொல்ல மாட்டார்கள்.

இதைவிட எனக்குப் பழகக் கடினமாக இருந்தது அவருடைய மௌனம். என் அண்ணன்மார் கடல் தொழில் செய்பவர்கள். எல்லைக்கோட்டருகே நம்மவர்களின் படகு பிடிபட்டதாகச் செய்தி வரும் நாளில், “மாப்பிள்ளை மேலேயிருந்து பார்த்திருப்பாரே, என்னதான் நடந்தது?” என்று வீட்டுக்கே வந்து கேட்பார்கள். அன்று பறந்தாரா இல்லையா என்பதைக்கூட அவர் சொல்ல மாட்டார். சொந்தக்காரர்களிடமே வாயைத் திறக்காத மனிதர் என்று என் பெரியம்மா கடைசிவரை குறைப்பட்டுக்கொண்டார். எனக்கும் தொடக்கத்தில் கோபம்தான். ஆனால் தொழிலின் நுட்பத்தைக் கேட்டால் விடியும்வரை பேசுவார். சுழலும் இறக்கைகளால் ஹெலிகாப்டரில் நிலைமின்சாரம் சேரும் என்பதால், கடலில் தத்தளிப்பவரை மீட்க மேலிருந்து இறக்கும் கம்பிவடக் கொக்கி கடல்நீரைத் தொடும்வரை அதைப் பிடிக்கக் கூடாது என்று என் அண்ணன்மாருக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். கீழே வீசும் காற்று சிறிய வள்ளத்தைக் கவிழ்த்துவிடக்கூடும் என்பதால்தான் விமானிகள் நேர்மேலே வந்து நிற்கத் தயங்குகிறார்கள் என்பதும் அப்படித் தெரிந்துகொண்டதே. நாளடைவில், எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிடிபட்டுவிட்டது.

அன்றாட வாழ்க்கையில் சில வேடிக்கையான கட்டுப்பாடுகள் உண்டு. சளி பிடித்தால் காதிலும் நெற்றியிலும் அழுத்தம் ஏறும் என்பதால் பறக்க விடமாட்டார்கள். மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு சமாளிக்கவும் முடியாது, தள மருத்துவரிடம்தான் போக வேண்டும். பறப்பதற்கு முந்தைய இரவு நல்ல தூக்கம் கட்டாயம் என்பதால், பணம், மாமியார், பிள்ளைகளின் மதிப்பெண் ஆகியவை பற்றிய சண்டைகளை நான் விடுமுறை நாளுக்குத் தள்ளிவைத்தேன். அவற்றில் பாதி ஆறிப்போயின. மீதி வட்டியோடு திரும்பின. ஓயாத அதிர்வில் உட்கார்ந்து ஓட்டியதன் பலனாக அவருக்கு இடுப்புவலி நிலைத்துவிட்டது. காதும் சற்று மந்தம். தொலைக்காட்சிச் சத்தத்தைப் பற்றி நான் பேசுவதை விட்டுவிட்டேன்.

பிள்ளைகளை ஊர் ஊராக மாற்றிக் கேந்திரிய வித்யாலயாக்களில் படிக்க வைத்தோம். பாடங்கள் தடைபடவில்லை. தமிழ் எழுத்து மட்டும் என் பொறுப்பாயிற்று. விடுமுறைக்கு மண்டபம் வந்தபோது என் அப்பா நாளிதழ்த் தலைப்புகளை வாசிக்கச் சொல்லித்தான் மகளுக்கு அது கைவந்தது. நான் பார்த்துவந்த தனியார் பள்ளி ஆசிரியர் வேலை இரண்டாவது இடமாற்றத்தோடு போயிற்று. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

ஆகவே உங்கள் தங்கைக்கு அரசுப் பள்ளி வேலையோ, ஊரை விட்டு நகர முடியாத வேறு வேலையோ இருந்தால் நன்றாக யோசியுங்கள். வீட்டிலிருந்தோ எந்த ஊரிலிருந்தோ செய்யக்கூடிய வேலை என்றால் தயங்க வேண்டாம். மாப்பிள்ளை நிரந்தரப் பணியிலா, குறுகிய காலப் பணியிலா என்பதையும் கேளுங்கள். குறுகிய காலப் பணி பொதுவாகப் 14 ஆண்டுகளுக்கு மேல் போகாது, ஓய்வூதியமும் கிடையாது. அதன்பின் தனியார் ஹெலிகாப்டர் நிறுவனங்களில் வேலை தேட வேண்டியிருக்கும். கப்பல் பணி முடிந்துவிட்டதா, இனிமேல்தான் வரப்போகிறதா என்பதையும் கேட்கலாம். அது ரகசியம் இல்லை. இந்தக் கேள்விகளை உங்கள் தங்கையே அவரிடம் நேரில் கேட்கட்டும்.