ஜலாஷ்வா: போர்க்கப்பலா, சரக்குக் கப்பலா?

கேள்வி: கொரோனா முடக்கக் காலத்தில், 2020 ஜூனில், கொழும்பிலிருந்தும் மாலேயிலிருந்தும் இந்தியர்களை எங்கள் ஊருக்கு ஏற்றிவந்த ‘ஐ.என்.எஸ். ஜலாஷ்வா’வைச் சிலர் போர்க்கப்பல் என்கிறார்கள். சிலர் சரக்குக் கப்பல் என்கிறார்கள். எது சரி?
– வாசகர் ஒருவர், தூத்துக்குடி

பதில்: போர்க்கப்பல்தான். ஆனால் தானே சண்டையிடுவதைவிட, சண்டைக்குப் போகிறவர்களைத் தளவாடங்களோடு கரைசேர்ப்பதே அதன் வேலை. 1971-இல் ‘டிரென்டன்’ என்ற பெயரில் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்த இக்கப்பலை வாங்கிய இந்தியா, 2007 ஜூன் 22 அன்று அங்குள்ள நார்ஃபோக்கில் வைத்தே அதைத் தன் படையில் சேர்த்துக்கொண்டது. விசாகப்பட்டினம் அதன் தளம்.

நம் கடற்படையின் ‘மகர்’ வகைக் கப்பல்கள் கரைமணலில் மூக்கை முட்டி, முன்கதவைத் திறந்து டாங்கிகளை இறக்குபவை. சுமார் 17,000 டன் எடையும் 170 மீட்டருக்கு மேல் நீளமும் கொண்ட ஜலாஷ்வா அப்படிக் கரையேற முடியாது. அதற்குத் தேவையும் இல்லை. அதன் வயிற்றுக்குள், பின்புறமாகத் திறக்கும் ஒரு பெரிய தொட்டி இருக்கிறது. அடித்தட்டிலுள்ள நிலைநீர்த் தொட்டிகளில் கடல்நீரை நிரப்பினால் கப்பலின் பின்பாதி மெல்லத் தாழும். பின்கதவை இறக்கியதும் கடலே உள்ளே வந்துவிடும். அதுவரை தரைதட்டிக் கிடந்த நான்கு தரையிறங்கு படகுகளும் மிதக்கத் தொடங்கி, டாங்கிகளையும் வீரர்களையும் சுமந்துகொண்டு ஒவ்வொன்றாகக் கரையை நோக்கிப் புறப்படும். பிறகு நீரை வெளியேற்றிவிட்டால் கப்பல் பழையபடி நிமிர்ந்துகொள்ளும். தன்னைத் தானே பாதி மூழ்கடித்துக்கொள்வதுதான் இதன் வித்தை! மேலே, பின்தளத்தில் ஹெலிகாப்டர்கள் இறங்கலாம்.

சொந்த ஆயுதபலம் குறைவு என்பதால் போர்க்காலத்தில் துணைக்கப்பல்கள் இல்லாமல் இதை அனுப்புவது விவேகமாகாது. மீட்புப் பணியிலோ நிலைமை வேறு. ஏறத்தாழ ஆயிரம் வீரர்கள் தங்கும் வசதியும் மருத்துவ வசதியும் கப்பலிலேயே இருப்பதால்தான், 2020 மே மாதம் மாலேயிலிருந்து 698 பேரை ஒரே பயணத்தில் கொச்சிக்குக் கொண்டுவர முடிந்தது. உங்கள் ஊர்க்காரர்கள் பார்த்ததும் அதே ஏற்பாட்டைத்தான்.

கேள்வி: ‘ஜலாஷ்வா’ என்றால் என்ன பொருள்?
– அதே வாசகர்

பதில்: நீர்யானை. வடமொழியில் ஜலம் என்றால் நீர், அசுவம் என்றால் குதிரை. அவர்கள் குதிரை என்றதை நாம் யானை என்கிறோம். கப்பலின் பருமனைப் பார்த்தால் நம் பெயரே பொருத்தமாகப் படுகிறது.