வரலாறு, இலக்கியம் தொலைநிலையில் படிக்க எந்தப் பல்கலைக்கழகம் நல்லது?

வேலையை விடாமல் வரலாறோ இலக்கியமோ முதுகலை படிக்க விரும்புவதாகவும், எந்தப் பல்கலைக்கழகம் இணையவழியில் நன்றாகக் கற்பிக்கிறது என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் வரலாறு முதுகலையைத் தொலைநிலையில் படித்து முடித்தேன். காணொளிகள் எத்தனை, செயலி எப்படி என்று பார்ப்பதற்கு முன்னால், நீங்கள் எழுதும் கட்டுரையை யார் படிப்பார், படித்துவிட்டு என்ன எழுதித் திருப்பித் தருவார் என்பதை விசாரியுங்கள்.

முதலாண்டில் முகலாயர் கால நிலவரி பற்றி ஓர் ஒப்படைப்பைக் கைப்பட எழுதிக் கொடுத்தேன். அக்பர் ஆட்சியில் 1580இல் அவருடைய வருவாய் அமைச்சர் தோடர்மால் கொண்டுவந்த, பத்தாண்டுச் சராசரியை வைத்து நிலவரி விதிக்கும் முறையை, அக்பருக்கு முன் ஆண்ட ஷேர் ஷாவின் பெயரில் எழுதிவிட்டிருந்தேன். திரும்பி வந்த தாளில் அந்தப் பக்கத்திலும் மற்றப் பக்கங்களில் இருந்தது போலவே சிவப்பு மையில் ஒரு டிக் இருந்தது. முகப்பில் மதிப்பெண், வேறு ஒரு சொல்லும் இல்லை. பிழையைப் பல மாதங்கள் கழித்துத் தேர்வுக்குப் படிக்கும்போதுதான் நானே கண்டேன். இரண்டாம் ஆண்டில் அதே பல்கலைக்கழகத்தின் படிப்பு மையத்துக்கு ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் வந்தார். அவர் என் தாளின் ஓரத்தில் பென்சிலால் "இதற்குச் சான்று எங்கே?" என்று மூன்று இடங்களில் எழுதியிருந்தார். வரலாறு எழுதுவது என்றால் என்னவென்று எனக்குப் புரிந்தது அந்த மூன்று கேள்விகளால்தான்.

இந்த அளவுகோலில் பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தை முதலில் சொல்வேன். 1969இல் நிறுவப்பட்டு 1971இல் மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகத்தில், ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் மாணவருக்கென்று ஒரு பயிற்றுநர் உண்டு. ஒப்படைப்பைத் திருத்தி, கருத்துரை எழுதி அனுப்புவது அவருடைய வேலையின் மையமான பகுதி. கட்டணம்தான் நம்மில் பெரும்பாலோருக்கு எட்டாது.

1985இல் தொடங்கிய இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின், அதாவது இக்னோவின், வலிமை அதன் பாடநூல்கள். தனியே உட்கார்ந்து படிப்பவருக்கென்றே அலகு அலகாக, இடையிடையே கேள்விகளுடன் எழுதப்பட்டவை அவை. இக்னோவின் இணைய நூலகமான இஞான்கோஷ் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. சேர்வதற்கு முன் ஓர் அலகையாவது படித்துப் பாருங்கள். அங்கே வழக்கமாக ஒப்படைப்புக்கு 30 விழுக்காடு, ஜூன், டிசம்பர் மாதங்களில் நடக்கும் பருவத் தேர்வுக்கு 70 விழுக்காடு. கருத்துரையின் தரம் உங்கள் படிப்பு மையத்தில் யார் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது.

தமிழில் சிந்தித்துத் தமிழில் எழுத விரும்பினால், 2002இல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தைத் தள்ளிவிடாதீர்கள். ஆங்கிலத்தில் தடுமாறி எழுதும் கட்டுரையில் மொழிப் பிழையே முன்னால் நிற்கும்; வாதத்தின் பிழை கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

தொலைநிலைப் படிப்பும் இணையவழிப் படிப்பும் ஒன்றல்ல என்பதையும் கவனியுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி இரண்டுக்கும் தனித்தனி அனுமதி வேண்டும். இணையவழிப் படிப்பில் காணொளி, மின்பாடம், தன்மதிப்பீடு, கலந்துரையாடல் ஆகிய நான்கும் இருக்க வேண்டும். கலைப் பாடங்களுக்கு இவற்றில் கலந்துரையாடல்தான் உயிர். ஆகவே அங்கே ஆசிரியர் பதில் எழுதுகிறாரா என்று ஏற்கெனவே படிப்பவர்களிடம் கேளுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அருகிலுள்ள படிப்பு மையத்துக்குப் போய், சென்ற ஆண்டு திருத்திய ஒப்படைப்பு ஒன்றைக் காட்டும்படி அங்கே படிப்பவர் ஒருவரிடம் கேளுங்கள். தாளின் ஓரத்தைப் பாருங்கள்.